ஒரு கந்தோர், இரு வழக்கு

அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று வழங்குவது நம்மூர் மரபு. அச்சொல் ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச் சென்றது. அவ்வொல்லாந்தரின் வழிவந்தோருடன் ஒரே கந்தோரிற் பணிபுரியும் வாய்ப்பு எமக்கு ஐக்கிய அமெரிக்காவிலே கிட்டியது. நெதர்லாந்திலிருந்து வந்தோரும் அமெரிக்கரும் அங்கு அருகருகே இருந்து தொழில் செய்தனர். மலர்க் குழுவினர் எம்மை எழுதப் பணித்தபோது, அங்குக் கண்டதொன்றை மாணவத் தம்பியர்க்கு உரைத்தல் பயனுடைத்து என எண்ணினோம்.

இளம் அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவர் பல வாரம் உழைத்து ஆக்கிய திட்டமொன்றைக் கூட்டத்தில் விளக்கினார். ஒல்லாந்த அன்பர் ஒருவர், "இது சரிவராது, மூன்றாம் பகுதியின் கணக்குப் பிழை" என்று எல்லார் முன்னிலையிலும் கூறிவிட்டார். இளைஞரின் முகங் கறுத்தது. வேலையை விட்டுவிடலாமோ என்று அன்று மாலை எம்மிடம் வினவினார். கூறியவரோ நண்பகலில் அவரருகிலேயே அமர்ந்து, பாணும் பாலாடைக்கட்டியும் உண்டு மகிழ்ந்து உரையாடியிருந்தார்! அவர் திட்டத்தைக் குறை கூறினாரேயன்றி ஆளைக் குறை கூறினாரல்லர்.

இதற்கு மறுதலையும் நிகழ்ந்தது. ஒல்லாந்த மேலதிகாரி வகுத்த கால அட்டவணையைக் கண்ட அமெரிக்கர் ஒருவர், "மிக நன்று, இன்னுமொருமுறை பார்ப்பதும் நலமாகலாம்" என்றார். அமெரிக்கர் செவிக்கு அஃது எச்சரிக்கை; மேலதிகாரியின் செவிக்கோ பாராட்டு. அட்டவணை திருத்தப்படவில்லை. வேலை இரண்டு மாதம் பின்தங்கியது.

ஒருசாராரை முரடர் என்றும் மறுசாராரைப் போலிகள் என்றும் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் நாவின் பின்னே நாட்டின் சட்டமும் நிற்கின்றது. நெதர்லாந்தில் ஊழியர் உடன்படாதவிடத்து, அவரை நீக்குதற்குப் பெரும்பாலும் அரச நிறுவனமொன்றின் அனுமதியோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டும். 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் ஊழியர் தேர்ந்தெடுக்கும் மன்றம் அமைதல் வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். ஆண்டுக்கு 4 வாரச் சம்பள விடுமுறை அவர்க்குச் சட்டப்படி உரியது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ அத்தகைய விடுமுறை ஒரு நாளேனும் வழங்குமாறு விதிக்கவில்லை. தனி ஒப்பந்தம் இல்லாதவரை அங்கு ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் காரணங் காட்டாமலே பணிநீக்கம் செய்யலாம். வேலையோடு மருத்துவக் காப்புறுதியும் போய்விடுதல் உண்டு. மேலதிகாரியின் முகங் கோணினாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்று அறிந்தவன் அஞ்சாது பேசுகின்றான். அவ்வுறுதி இல்லாதவன் சொல்லை அளந்து பேசுகின்றான். கடல் கடந்த பின்னும் பழக்கம் உடன்வருகின்றது.

பின்னர் இரு சாராரும் ஓர் ஒழுங்கு செய்துகொண்டனர். ஒல்லாந்தர் முதலில் நிறைகளைச் சொல்லிப் பின்னரே குறைகளைச் சொல்வது. அமெரிக்கர் தம் ஐயங்களைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது. அவ்விளைஞரும் வேலையை விடாது, மூன்றாம் பகுதியைத் திருத்தினார். கணக்கு உண்மையிலேயே பிழைத்துத்தான் இருந்தது.

நம்மூர்ப் பெரியவர் "பார்ப்போம்" என்றால் "இல்லை" என்பது பொருளென நாம் அறிவோமன்றோ? பிறநாட்டார் அதனை அறியார். தம்பியரே, நாளை நீவிர் எக்கந்தோரிற் புகுந்தாலும், ஒருவர் சொல்லைக் கேட்டு மனம் புண்படுமுன் அவர் எந்த நாட்டுத் தராசில் அதனை நிறுத்துத் தந்தார் என ஒருகணம் எண்ணிப் பார்ப்பீராக.