மூவாயிரம் ரூபாய் பயோடேட்டா!

'பயோடேட்டா எழுதித் தர ஆள் இருக்காங்களாமே, பணம் கொடுத்து எழுதிக்கலாமா?' என்று இந்த வருடம் மட்டும் என்னிடம் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் என்றால் மளிகை லிஸ்ட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் வரை எல்லாம் எழுதுவான் என்று கடலூரில் ஒரு நம்பிக்கை. போதாக்குறைக்கு நான் பி.காம். போட்ட பணம் திரும்ப வருமா, வராதா என்று கணக்கும் நானே சொல்லியாக வேண்டுமாம்!

சொல்கிறேன். ஆனால், பதில் 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் அடங்காது.

முதல் விஷயம், காசு கொடுத்து எழுதச் சொல்வது நமக்கொன்றும் புதிதில்லை. திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மடியில் ஒரு அட்டை, நாலு வெள்ளைத் தாள், ஒரு பேனா - மனு எழுதித் தரும் பெரியவர் தயாராக இருப்பார். பட்டா மாற்றவோ, முதியோர் பென்ஷனுக்கோ வருகிறவர்களைப் பார்த்ததும் அவர் எழுத ஆரம்பித்துவிட மாட்டார். கேட்க ஆரம்பிப்பார்.

"நிலம் எந்த வருஷம் வாங்கினது? சர்வே நம்பர் என்ன? முன்னாடி மனு கொடுத்திருக்கியா தாயி? ரசீது வெச்சிருக்கியா?"

வந்த அம்மாள் அழுது, புலம்பி, பங்காளியைத் திட்டி, கால் மணி நேரம் சொன்னதைப் பெரியவர் பத்தே வரியில் இறக்கிவிடுவார். அந்தம்மா கொடுக்கிற காசு கையெழுத்துக்கு இல்லை. அந்தக் கேள்விகளுக்கு!

சீமையிலும் இதே கதைதான். லியனார்டோ டாவின்சி 1482 வாக்கில் மிலன் நகரத்து லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தார். உலகத்தின் முதல் பயோடேட்டா என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். 'தூக்கிக்கொண்டு போகிற மாதிரி பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், மூடிய ரதம் செய்வேன்' என்று வரிசையாக யுத்த சமாசாரங்கள். பத்தாவது பாயின்ட்டில்தான், 'சமாதான காலத்தில் கட்டடம் கட்டுவேன், சிலை செய்வேன், படமும் வரைவேன்' என்று வருகிறது. முதலாளிக்கு என்ன தேவையோ, அது முதலில்! இதில் வேடிக்கை, இன்றைக்கும் மிலனில் பத்திரமாக இருக்கும் அந்தக் கடித நகலில் உள்ள கையெழுத்து லியனார்டோவுடையது இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, உதவி வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. யாரிடம், எதற்கு என்பதுதான் கேள்வி.

*

சிதம்பரத்தில் என் அக்கா இருக்கிறார். அக்கா பையன் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறான். செல்போனில் ஒரு விளம்பரம். 'உங்கள் ரெஸ்யூமேவை நிபுணர்கள் எழுதித் தருவார்கள்... 2,999 ரூபாய் மட்டும்!' அக்கா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டே நாளில் வந்துவிட்டது. நீலக் கலரில் இரண்டு பத்தி. வட்டத்துக்குள் போட்டோ. தமிழுக்கு அஞ்சு ஸ்டார், இங்கிலீஷுக்கு நாலு ஸ்டார் என்று ஓட்டல் மாதிரி நட்சத்திரங்கள். முதல் வரியிலேயே 'டைனமிக், ரிசல்ட்-ஓரியன்டட் புரொஃபஷனல்'.

"யாருடா இது?" என்றேன்.

"நான்தான் மாமா."

"'ஸ்ட்ராட்டஜிக் லீடர்ஷிப்'னு போட்டிருக்கே. யாரை லீட் பண்ணே?"

"அது... அவங்க போட்டது மாமா."

"உன்கிட்ட என்னதான் கேட்டாங்க?"

"ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க. பேரு, படிப்பு, மார்க்கு. அப்புறம் 'ஜி.பே. பண்ணிட்டீங்களா'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் அங்கேயே பணம் கட்டியிருந்தார்கள். அவர்களும் 'டைனமிக்'தான். வார்த்தைக்கு வார்த்தை அதே வரிகள்!

என்னை உறுத்தியது அந்த வரிகள் இல்லை. அதில் இல்லாத வரி. அக்கா வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பையன் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவருக்கு பைபாஸ் ஆபரேஷன். நாலு மாசம் கடையை நடத்தியது இந்தப் பையன்தான். காலையில் காலேஜ், மத்தியானத்திலிருந்து கடை. டாலியில் கணக்கு, ஆடிட்டருக்கு மாசாமாசம் ஜி.எஸ்.டி. விவரம், சிமென்ட் கம்பெனிக்குப் பணம், கடன் நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வசூல். இத்தனையும் செய்தவனை அந்த மூவாயிரம் ரூபாய்த் தாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது - 'ஃப்ரெஷர்'.

"ஏன்டா, கடையைப் பத்திச் சொல்லலையா?"

"அது நம்ம கடை மாமா. அதெல்லாம் ஒரு வேலையா?"

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. நாம் செய்வதை வேலை என்றே நாம் நினைப்பதில்லை. சுனாமி (2004), தானே புயல் (2011), பெருமழை (2015), ஃபெஞ்சல் (2024) என்று வரிசையாகப் பார்த்த மாவட்டம் இது. 'நெருக்கடியில் பணியாற்றும் திறன் உண்டு' என்று எங்கள் ஊர்க்காரன் இன்டர்நெட்டில் தேடிக் காப்பியடிக்கிறான்! வெள்ளத்தில் என்ன செய்தான் என்று கேட்டால், "என்ன சார், முகாமுல அரிசி மூட்டை இறக்கி, டோக்கன் போட்டுக் கொடுத்தோம், அவ்ளோதான்" என்கிறான்.

*

இனி நல்ல கதை ஒன்று. கடலூர் ஓல்டு டவுனில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். குவைத்தில் பதினோரு வருடம் பைப் ஃபிட்டர். ஊருக்குத் திரும்பி வந்து சிப்காட் பக்கம் வேலை தேடினார். அவருடைய பயோடேட்டாவில் அனுபவம் என்ற இடத்தில், 'ஃபிட்டர் - குவைத் - 11 வருடம்'. அதோடு சரி. கீழே அப்பா பெயர், மதம், திருமணம் ஆனவர், மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்!

கம்பெனி ஒன்றில் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்து ரிடையர் ஆன ஒருவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு இதை எழுதித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். நானும் கூடப் போனேன். மனுஷன் இரண்டு மணி நேரம் பேனாவையே திறக்கவில்லை. எந்த மாதிரி பிளான்ட்? எத்தனை இன்ச் பைப்? ஷட்டவுன் வேலைக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள், எத்தனை நாளில் முடித்தீர்கள்? உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? டிராயிங் பார்த்துச் செய்வீர்களா, இன்னொருத்தர் சொல்லவேண்டுமா? சேஃப்டி டிரெய்னிங் சர்ட்டிஃபிகேட் எங்கே?

"அது வீட்ல டிரங்குப் பெட்டில கெடக்கு சார்."

"அதை முதல்ல எடுத்துட்டு வாங்க!"

ஒன்றரைப் பக்கம். நட்சத்திரம் இல்லை, வட்டப் படம் இல்லை. நாலு இடத்துக்குப் போட்டார். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்றில் சேர்ந்துவிட்டார். வேலை வாங்கிக் கொடுத்தது பதினோரு வருட வெயில்தான், தாள் இல்லை. ஆனால், அந்த வெயில் முதலாளி கண்ணில் படுவதற்கு 1,500 ரூபாய் ஆயிற்று. என் கணக்கில் இது நல்ல முதலீடு.

*

'உங்க ஊர்க் கதை இருக்கட்டும், புள்ளிவிவரம் உண்டா?' என்கிறீர்களா? உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2023ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணையம் வழியாக வேலை தேடிய சுமார் 5 லட்சம் பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை திருத்தும் கம்ப்யூட்டர் உதவி கொடுத்தார்கள். அந்த உதவி கிடைத்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு 8 சதவிகிதம் அதிகம். வேலைக்கு எடுத்த முதலாளிகளும் ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை.

ஆகவே எழுத்து முக்கியம்தான். ஆனால் கவனியுங்கள் - அவர்களுக்குக் கிடைத்தது பிழை திருத்தம் மட்டுமே. அதற்கு மூவாயிரம் எதற்கு? தெருவில் இருக்கும் இங்கிலீஷ் வாத்தியாரிடம் காட்டினால் ஒரு காபியோடு முடிந்துவிடும்.

அலங்காரமும் வேண்டாம். 2012ல் அங்கேயே ஒரு வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் எடுக்கிறவர்களின் கண் ரெஸ்யூமேயில் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. முதல் பார்வைக்கு சராசரி ஆறு விநாடி! அந்த ஆறு விநாடியில் நட்சத்திரத்தை எண்ணுவார்களா, செய்த வேலையைப் பார்ப்பார்களா? பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பதே கம்ப்யூட்டர்தான். இரண்டு பத்தி, கட்டம், படம் என்றால் அதில் சில திணறிப்போய், பெயர் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று கலைத்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. யார் எழுதினாலும் தாளின் தலையில் இருப்பது உங்கள் பெயர். ஸ்காட் தாம்ஸன் என்பவர் 2012 ஜனவரியில் யாஹூ கம்பெனியின் தலைவரானார். அவர் படித்தது அக்கவுன்ட்டிங். நம்ம ஜாதி! ஆனால், அவரைப் பற்றிய குறிப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்ததாக இருந்தது. விஷயம் வெளியே வந்ததும், ஆள் தேடித் தரும் நிறுவனம் செய்த தவறு என்று அவர் காரணம் சொன்னதாகச் செய்தி வந்தது. அந்த நிறுவனம் மறுத்தது. மே மாதமே அவர் வெளியேறினார். எழுதியவருக்கு வேலை போவதில்லை. யார் பேரில் எழுதினார்களோ, அவருக்குத்தான்.

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளி, தங்க வில்வ மாலை. அந்த வெளிக்கு அங்கே அர்த்தம் உண்டு. பயோடேட்டாவில் திரையை விலக்கி உள்ளே வெளியாக இருந்தால் இன்டர்வியூவில் அர்த்தம் கேட்பார்கள்!

எனவே, பணம் எடுப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். உங்களிடம் குறைந்தது அரை மணி நேரமாவது உட்கார்ந்து கேள்வி கேட்பாரா? உங்கள் துறை அவருக்குத் தெரியுமா? இல்லாததைச் சேர்க்கிறேன் என்கிறாரா? அப்படியானால் எழுந்து வந்துவிடுங்கள். 'வேலைக்கு கேரண்டி' என்கிறாரா? அப்படியானால் ஓடியே வந்துவிடுங்கள். கம்ப்யூட்டரே இப்போது இலவசமாக எழுதித் தருகிறதே என்றால், தாராளமாக. ஆனால், கடை நடத்தியதை நீங்கள் சொல்லாவிட்டால் அதுவும் உங்களை 'டைனமிக்' ஆக்கித்தான் அனுப்பும். கையில் காசே இல்லையா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வழிகாட்டும் மையம் இருக்கிறது. மத்திய அரசு 2015ல் தொடங்கிய நேஷனல் கரியர் சர்வீஸ் தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். இப்போதுதான் படித்து முடித்தவர்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை. உங்களைத் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் போதும். பத்து, பதினைந்து வருட அனுபவத்தை ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம் - கேட்கிறவருக்கு மட்டும்.

பையனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானும் கேட்டேன். கடை, நாலு மாசம், வசூல் எல்லாம் ஏறிற்று. 'டைனமிக்' இறங்கிற்று. போன வாரம் ஒரு இன்டர்வியூ. பாதி நேரம் அந்த நாலு மாசத்தைப் பற்றியே கேட்டார்களாம். "எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சிருந்துது மாமா" என்றான், ஆச்சரியமாக. பதினைந்து நாளில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அக்காவுக்கு வேறு கவலை.

"அந்த மூவாயிரத்தைத் திரும்ப வாங்க முடியாதாடா?"

"எழுதித்தான் கேட்கணும்க்கா."

"அப்ப நீயே எழுது. அதுக்கும் ஒரு ஆளைத் தேடாதே!"