ஐந்தாவது கோப்பை

வேலை கிடைத்த சந்தோசம் எனக்கு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து ஊர் திரும்பி ஒரு வருடமான பிறகு, 2011 இல், பட்டணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி உதவியாளராகச் சேர்ந்தேன். பிள்ளைகள் இருவரையும் அம்மாவிடம் விட்டுவிட்டு விடிய ஐந்தரை பஸ் பிடிப்பேன். கட்டில் விரிப்பது, நோயாளரைத் துடைப்பது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் மூன்று மாத வகுப்பில் படித்திருந்தேன். கூட வேலை செய்பவர்கள் முகம் கொடுத்துக் கதைக்காவிட்டால் என்ன செய்வது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை.

வாட்டில் ஏற்கெனவே நான்கு உதவியாளர்கள் இருந்தார்கள். நான் கிட்டப் போனால் கதை நின்றுவிடும். என் பெயர் தெரிந்தும் “முகாம்பிள்ளையைக் கூப்பிடு” என்பார்கள். பெட்பான் கழுவுவதும் சத்தி துடைப்பதும் எப்போதும் என் தலையில்தான். அதில் எனக்கு அருவருப்பில்லை. 2009 இல் பதுங்குகுழிக்குள் காயக்காரரைப் பார்த்தவளுக்கு அது பெரிய வேலையா? ஆனால் தேத்தண்ணி நேரத்தில் நான்கு கோப்பை மட்டும் வரும். அதுதான் நெஞ்சில் குத்தியது.

மூன்றாம் கிழமை ஒரு பிழை விட்டேன். சலக்குழாய் போட்டிருந்த ஒரு ஐயாவின் பை நிறைந்திருந்தது. கொண்டுபோய் ஊற்றிவிட்டேன். எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து தாளில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே போன நீரையும் வெளியே வந்த சலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் டொக்டர் சேலைனைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பார். மிஸ்ஸி எல்லோருக்கும் முன்னால் ஏசினார். அது நியாயம். ஆனால் நான் பையைக் கொண்டு போனதை அங்கு மூத்த அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றவர். ஒரு சொல் சொல்லவில்லை.

இனி வேலைக்குப் போவதில்லை என்று அன்றிரவு அழுதேன். அம்மா ஆறுதல் சொல்லவில்லை. “போகாட்டி அரிசிக்கு என்ன செய்யிறது?” என்று மட்டும் கேட்டா.

அடுத்த நாள் ஒரு கொப்பி வாங்கினேன். பார்த்தது, ஏச்சு வாங்கியது எல்லாவற்றையும் எழுதினேன். கேட்கும் விதத்தையும் மாற்றினேன். “எனக்குத் தெரியாது, சொல்லித் தாங்கோ” என்றால் முகத்தைத் திருப்புவார்கள். “ஐந்தாம் கட்டில் அம்மாவைக் கடைசியா எந்தப் பக்கம் திருப்பினது?” என்று கேட்டால் பதில் வரும். நோயாளியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

ஒரு மாதம் நைற் டியூட்டி அநேகமாக எனக்கே விழுந்தது. கொப்பியில் இருந்த திகதிகளோடு வாட் பொறுப்பு சிஸ்டரிடம் தனியே போனேன். ஒருவர் பெயரையும் இழுக்கவில்லை, திகதிகளை மட்டும் காட்டினேன். அடுத்த மாதம் பாதியாகக் குறைந்தது. (யாராவது கை நீட்டினாலோ தூசணம் கதைத்தாலோ இப்படிப் பொறுமையாக இருக்கச் சொல்ல மாட்டேன். அது அன்றைக்கே மேலிடத்துக்குப் போக வேண்டிய விசயம்.)

மூத்த அக்காவோடு கதை தொடங்கியது ஒரு நைற்றில். பாரிசவாதம் வந்த பாரமான அம்மா ஒருவரைப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். தனியாள் செய்ய ஏலாது. அன்று நாங்கள் இருவர்தான். “விரிப்பை உடம்போட ஒட்டிப் பிடி. மூண்டு சொல்ல இழு. நாரியை வளைக்காதை, முழங்காலை மடி” என்றா. விடியப்புறம் தானாகவே சொன்னா: “உங்களிட்டைச் சேட்டிபிக்கற் இருக்கு. பதினொரு வருசத்தில எனக்குக் கிடைச்சது நாரிப்பிடிப்புத்தான்.” எங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் வந்தால் தன்னை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்திருக்கிறா. எனக்கோ அவவைக் கண்டாலே பயம்.

அதற்குப் பிறகு தேத்தண்ணிக்கு என்னையும் கூப்பிட்டா. மற்ற மூவரில் ஒருத்தி வேலையை விட்டுப் போகும் வரைக்கும் என்னோடு கதைக்கவேயில்லை. நானும் விட்டுவிட்டேன்.

2013 இல் ஒரு புதுப்பிள்ளை வந்தாள். என் பகல் டியூட்டி பறிபோகப் போகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் நானும் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அவள் சலப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஓடிப்போய் மறித்து அளவுச் சாடியைக் கையில் கொடுத்தேன்.