யானையின் தெருவில் நாங்கள்!

"யானையைப் பார்க்க நாம போகணுமாக்கும்? அதுதான் நம்ம ஊருக்கே வந்துட்டுப் போயிருச்சே!"

மேகமலைக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் அம்மா சொன்ன பதில் இது. அதிலும் நியாயம் இருந்தது. அம்மா இருப்பது கம்பத்தில். 2023-ஆம் வருடம் மே 27-ந் தேதி 'அரிக்கொம்பன்' என்ற ஆண் யானை கம்பம் ஊருக்குள் புகுந்துவிட்டதே, நினைவிருக்கிறதா? கேரளாவில் சின்னக்கானல் பக்கம் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகியதால் அதற்கு அந்தப் பெயர். அங்கே பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் கொண்டு விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, கம்பம் தெருக்களில் வந்து ஓடியது. ஊரில் 144 தடை உத்தரவு. அதனால் காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தும் போனார். ஜூன் 5-ந் தேதி சின்ன ஓவுலாபுரம் அருகில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை நாளும் அம்மா வாசல் பக்கமே வரவில்லை.

என் பையன் விடுவதாக இல்லை. டி.வி.யில் ஆப்பிரிக்கக் காட்டைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சுதான். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் என்று ஒரு பெரிய பூங்கா. 1927-ல் முதன்முதலாக மூன்றே கார்கள் உள்ளே போயினவாம். இன்று குடும்பம் குடும்பமாக, தாங்களே காரை ஓட்டிக்கொண்டு போய் சிங்கம், யானை எல்லாம் பார்க்கிறார்கள். கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, மெதுவாகப் போகவேண்டும், கேட் சாத்துமுன் திரும்பிவிட வேண்டும். இதுதான் அங்கே சட்டம்.

அவ்வளவு தூரம் போக நமக்கு எங்கே வசதி? "தேக்கடியில் படகில்தானே போகணும்? காரில் போகிற காடு வேணும்!" என்று அவன் அடம் பிடித்தபோதுதான் எனக்கு மேகமலை ஞாபகம் வந்தது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த மலை அது. எஸ்டேட்டுகளுக்குப் போகும் தார் ரோடு காட்டுக்குள்ளேயே போகிறது. நம் காரிலேயே போகலாம்.

பள்ளி விடுமுறையில் மதுரையிலிருந்து வந்திருந்தோம். ஒருநாள் அதிகாலை என் கணவர் காரை எடுத்தார். "சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டுத் தனியாப் போறீகளே" என்று அம்மாவும் மனசு கேளாமல் ஏறிக்கொண்டாள். உத்தமபாளையம் தாண்டிச் சின்னமனூர் வரை வயலும், தென்னையும், வாழையுமாக ஒரே பச்சை. 1895-ல் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் செய்த புண்ணியம்!

சின்னமனூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். தென்பழனி சோதனைச் சாவடியில் கார் நம்பரை எழுதிக்கொண்டு, "ஆறு மணிக்குள்ள இறங்கிடுங்க" என்று சொல்லி விட்டார்கள். அப்புறம் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். பெண்ணுக்குத் தலைசுற்றும் என்று தெரிந்து இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, முன் சீட்டில் உட்கார்த்தி, "தூரத்து ரோட்டையே பாரு" என்று சொல்லியிருந்தேன். எலுமிச்சம்பழம் கையிலேயே இருந்தது. வாந்தி இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தோம்.

வழியில் நான் ஒரு தவறு செய்தேன். சுவர்மேல் உட்கார்ந்திருந்த நாட்டுக் குரங்குக்குப் பையன் பிஸ்கட் போட்டான். நான் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். மறு நிமிஷம் நாலைந்து குரங்குகள் பானெட்டின்மேல்! ஒன்று கண்ணாடி இடுக்கில் கைவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தது. அவர் காரை மெல்ல நகர்த்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "அரிசி தின்னு பழகினதாலதானே அந்த யானையும் வீட்டை உடைச்சது? இதுகளுக்கு நீங்களே பழக்கிக் கொடுங்க!" என்று அம்மா போட்டாளே ஒரு போடு, எனக்கு வாயே திறக்கவில்லை.

மேலே ஹைவேவிஸ் அணையைச் சுற்றிலும் தேயிலை, அதற்கு மேலே சோலைக்காடு. மே மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. எங்களுக்கு முதலில் கண்ணில் பட்டது காட்டுமாடு. கறுத்த உடம்பு, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டாற்போல் கால்கள். மரக்கிளையில் மலை அணில் ஒன்று, வால் தொங்க உட்கார்ந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கும் இங்கே உண்டு. எங்கள் கண்ணில்தான் படவில்லை. காடு என்ன மிருகக்காட்சி சாலையா, கேட்டதையெல்லாம் காட்ட?

கோடை மழை பெய்திருந்ததால், டீக்கடையில் இறங்கிய சிறிது நேரத்தில் என் காலில் அட்டை. பதறி இழுக்காமல் நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டியதில்லை.

நாலரை மணிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தோம். தேயிலைத் தோட்டம் முடியும் ஒரு வளைவில் அவர் சட்டென்று பிரேக் போட்டார். ஐம்பதடி தூரத்தில் நடுரோட்டில் ஒரு பெண் யானை! பின்னால் இன்னும் இரண்டு. அவற்றின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி!

எனக்குக் கைகால் வெலவெலத்துவிட்டது. அவர் ஹாரனில் கை வைக்கப்போனார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி. அவள் மடியில் துணி சுற்றிய ஒரு கைக்குழந்தை. நான் பின் கதவை மெதுவாகத் திறந்தேன். அவள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டாள். அவள் கணவர் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு தூரப் போய் நின்றார்.

"ஹாரன் அடிக்காதீகண்ணே. லைட்டும் போடாதீக. குட்டி வச்சிருக்கு, கோவம் வரும். வந்த வழியே கொஞ்சம் பின்னால எடுத்து நிறுத்துங்க. அதுகளும் வீட்டுக்குத்தானே போகுதுக."

அவர் அப்படியே செய்து என்ஜினை அணைத்தார். குழந்தையைத் தொட்டேன். நெருப்பாகச் சுட்டது! காலையிலிருந்து காய்ச்சலாம், சின்னமனூர் டாக்டரிடம் போகப் புறப்பட்டவர்கள். எனக்கோ ஒரு நிமிஷம் ஒரு யுகமாக இருந்தது. துணியை அவிழ்த்துவிட்டு, பிளாஸ்க் வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, டவலை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டேன். அம்மா விசிறினாள். அவள் அடிக்கடி பால் கொடுத்தாள். "பயமாயில்லையா?" என்று கேட்டேன். "தினம் பார்க்கிறதுதானேக்கா. நாம பொறுத்தா அதுவும் பொறுக்கும்" என்றாள்.

இருபத்தைந்து நிமிஷம். வாயாடியான என் பையன்கூட மூச்சு விடவில்லை. மூங்கிலை ஒடித்துத் தின்றுவிட்டு, பெரிய யானை முன்னே போக, குட்டி நடுவில் வர, நான்கும் சரிவில் இறங்கி மறைந்தன. யானைக் கூட்டத்துக்குத் தலைவி வயதில் மூத்த பெண்தான் என்று படித்திருக்கிறேன். அன்று கண்ணாரப் பார்த்தேன்.

தாயையும் குழந்தையையும் எங்கள் காரிலேயே சின்னமனூர் கொண்டு சேர்த்தோம். ஆறு மணிக்கு முன்பே சாவடியைக் கடந்துவிட்டோம். மறுநாள் போனில், "காய்ச்சல் இறங்கிருச்சுக்கா" என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பார்த்துவிட்டு வர நமக்கு ஒரு பகல். டாக்டரிடம் போகவும் யானைக்கு வழிவிட்டுக் காத்திருப்பது அவர்களுக்குத் தினசரி வாழ்க்கை.

போக விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் வழியை மூடிவிடுவதும் உண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். விடியற்காலையில் ஏறி, நாலு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள். குடிநீர், காய்ச்சல் மருந்து, மாற்றுத் துணி, ஸ்வெட்டர் அவசியம். பட்டைச் சம்பா நிறமோ பச்சையோ, கண்ணைப் பறிக்காத உடை போதும். குப்பையை மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தப் பிராணிக்கும் ஒரு கவளம்கூடப் போடாதீர்கள். யானையைக் கண்டால் காரை விட்டு இறங்கவே கூடாது. போட்டோ ஆசையில் கிட்டேயும் போகாதீர்கள்.

அன்று ராத்திரி சாதம் பரிமாறிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அன்னைக்கு அது நம்ம தெருவுக்கு வழி தப்பி வந்து முழிச்சுது. நாம விரட்டினோம். இன்னைக்கு நாம அது தெருவில போய் முழிச்சோம். அது பாட்டுக்கு ஒதுங்கிப் போயிருச்சு பாத்தியா?"