தம்பியின் வால்சக்கர விமானம்

புறநானூற்றின் இருபத்தேழாம் பாடலை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும். புலவர் பாடும் புகழுடையோர், ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் வானூர்தியில் ஏறி விண்ணுலகு சேர்வர் என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அப்படியானால் அக்காலத்திலேயே தமிழரிடம் விமானம் இருந்ததா என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பார். ட்ரோன்கள் வந்த பிறகு கேள்வியின் வேகம் கூடியிருக்கிறது. நாங்கள் இருவரும் (கணவனும் மனைவியும், வெவ்வேறு கல்லூரிகளில் தமிழ் கற்பிப்பவர்கள்) கற்பனைக்கும் பொறியியலுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் 2022 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு புல்தரை ஓடுதளத்தின் ஓரத்து மரப்பலகையில் அமர்ந்து சில மாலைகளைக் கழித்த பிறகு வேறொன்று உறுத்துகிறது. ஏறுவதைச் சொன்ன புலவர் இறங்குவதைச் சொல்லவில்லை. திரும்பி வராத பயணம் ஆதலால் அத்தேவை அவருக்கு எழவில்லை போலும்.

எங்கள் பயணம் விருந்துக்கானது மட்டுமன்று. தம்பி அங்கே மென்பொருள் பணியில் இருக்கிறான். வார இறுதிகளில் விமானம் ஓட்டக் கற்று, உரிமம் பெற்று, நண்பர்கள் இருவருடன் கூட்டாக, 1946ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஏரோங்கா சாம்ப் என்னும் இரு இருக்கை விமானத்தை வாங்கியிருந்தான். 2021 அக்டோபரில் அது தரையிறங்கியபோது தன்னைத்தானே சுற்றிக்கொண்டது. இடது இறக்கையின் நுனி நிலத்தில் உரசிக் கிழிந்தது. ஒரு சக்கரத்தின் கால் மடங்கிற்று. அவனுக்குக் கீறல்கூட இல்லை. வீட்டுக்குச் சொன்னது ‘சின்ன ரிப்பேர்’ என்று மட்டும். படம் எப்படியோ குடும்பக் குழுவுக்குள் வந்து சேர, அம்மா பார்த்துவிட்டார். நாங்கள் பெட்டி கட்டும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “ரெண்டு பேரும் அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டு வாங்க. இனி அதுல ஏறக் கூடாது.”

போய்ச் சேர்ந்த இரவே கேட்டுவிட எண்ணினோம். அவன் முந்திக்கொண்டான். மகளின் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து, இருக்கையை மட்டும் பிடித்து முன்னோக்கித் தள்ளினான், நேராகப் போயிற்று. அதே பிடியில் பின்னோக்கி இழுத்தான்; கைப்பிடி சட்டெனத் திரும்பி மடங்கியது. “அன்னைக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான், அண்ணா” என்றான். உவமை எங்கள் துறை என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. அம்பை இறகுப் பக்கம் முன்னாக வைத்து எய்தது போலவா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சைக்கிளை விட இது சரி” என்று ஒப்புக்கொண்டான்.

செய்தி இதுதான். இன்று நாம் பயணிக்கும் விமானங்களுக்கு மூக்கின் கீழ் ஒரு சக்கரம் உண்டு. தரையைத் தொடும் முதன்மைச் சக்கரங்கள் எடைமையத்துக்குப் பின்னால் இருக்கும். சற்றுக் கோணலாக இறங்கினாலும் எடை முன்னே இழுப்பதால் விமானம் தானே நேராகிவிடும். வால்சக்கர விமானத்தில் நிலைமை தலைகீழ். இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னே, எடைமையம் அவற்றுக்குப் பின்னே, வாலின் அடியில் கைப்பிடி அளவு சிறு சக்கரம். மூக்கு இம்மியளவு விலகினால் போதும், பின்னாலுள்ள எடை முன்னே வரத் துடிக்கும். விலகல் விலகலை வளர்க்கும். அதைத் தடுக்க ஓட்டுபவரிடம் இருப்பவை இரண்டு கால்களும் அவை மிதிக்கும் சுக்கான் பெடல்களும். மிதி சிறிதாகவும் உடனடியாகவும் இருக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்து ஓங்கி மிதித்தால் வால் மறுபக்கம் வீசும். கைமீறிப்போய் முழுச் சுற்றுச் சுற்றிவிடுவதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

இந்தச் சக்கர அமைப்புக்கு விமானத்துறையில் இன்றும் ‘வழமையான அமைப்பு’ என்றே பெயர். ஒரு காலத்தில் எல்லா விமானமும் ஏறக்குறைய இப்படித்தான் நின்றது, மூக்கை நிமிர்த்தி வாலைத் தரையில் வைத்து. வழமை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. (சொற்கள் இப்படிப் பொருளை விட்டு நீண்டு வாழ்வது பற்றித் தனியே எழுதலாம்.) அமெரிக்காவில் செஸ்னா நிறுவனம் தன் 170 என்னும் வால்சக்கர விமானத்துக்கு மூக்குச் சக்கரம் வைத்து, 1956இல் 172 என்று விற்கத் தொடங்கியது. அந்தச் சக்கரங்களுக்கு ‘லேண்ட்-ஓ-மேட்டிக்’ என்று விளம்பரப் பெயர் சூட்டியது. தானாகவே தரையிறங்கிவிடும் என்னும் தொனியில். உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட விமானம் ஆயிற்று அது. கற்பவர்களின் கால்கள் சோம்பல் கொண்டதும் அதனால்தான் என்பது தம்பியின் முறையீடு. அவனும் 172இல் கற்றவன்தான். 1991 முதல், அங்கே வால்சக்கர விமானத்தைப் புதிதாக ஓட்ட விரும்புகிறவர், உரிமம் இருந்தாலும், தனிப் பயிற்சி பெற்று ஆசிரியரின் கையெழுத்தை வாங்க வேண்டும். இத்தனை மணிநேரம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆசிரியருக்கு நம்பிக்கை வரும்வரை.

நமக்கும் இந்த இனத்தோடு உறவு உண்டு. சாம்ப்பின் உடன்பிறப்பான ஏரோங்கா சீஃப் விமானத்தின் வடிவமைப்பை ஒட்டித்தான் பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனம் புஷ்பக் என்னும் பயிற்சி விமானத்தைச் செய்தது. 1958இல் அது முதலில் பறந்தது. நம் பறத்தல் கழகங்களில் ஒரு தலைமுறை அதில்தான் கற்றது. நினைத்த இடத்துக்கு நினைத்தபடி செல்லும் புட்பக விமானத்தின் பெயரை, நினைத்தபடி இறங்காத ஒன்றுக்கு வைத்தவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் பழுதுபார்த்து, இறக்கைக்குப் புதுத்துணி போர்த்தியிருந்தார்கள். மஞ்சள் நிறம் பழைய மஞ்சளோடு ஒட்டவில்லை; தூரத்திலிருந்தே தெரிந்தது. மின்கருவி எதுவும் இல்லாத விமானம். ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்றி உயிர்கொடுக்க வேண்டும். தம்பி முன்னிருக்கையில், பின்னிருக்கையில் அறுபதைக் கடந்த அவனுடைய ஆசிரியை. விபத்துக்குப் பின் அவன் மீண்டும் மாணவனாகியிருந்தான்.

முதல் முறை இறங்கும்போது ஒரு கணம் முன்பே சக்கரம் தரையில் இடித்தது. இடித்ததும் வால் தாழ்ந்தது. வால் தாழ்ந்ததால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடிற்று. விமானம் துள்ளி மேலே போயிற்று. பந்து போலத் துள்ளுகிறது என்று வெளியிலிருந்து தோன்றும். ரப்பரின் வேலை அதில் கொஞ்சமே, இறக்கையின் வேலையே மிகுதி என்று முந்திய இரவில் கேட்டிருந்தோம். துள்ளியதைத் தள்ளித் திருத்த முயல்வது அடுத்த இடியை இன்னும் பெரிதாக்கும். எஞ்சின் முழங்கியது. மறுபடி வானில் ஏறிச் சுற்றி வந்தார்கள்.

இரண்டாம் முறை, தரைக்கு ஓரிரு அடி உயரத்தில் விமானம் மிதந்துகொண்டே இருந்தது. இறங்க விடாமல், கட்டுப்பாட்டுத் தண்டைச் சிறிது சிறிதாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பானாம். இனிப் பறக்க முடியாது என்று இறக்கையே கைவிடும் நொடியில் மூன்று சக்கரமும் ஒருசேரப் புல்லில் அமரும். அப்படியே அமர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். பக்கத்தில் நின்ற கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், கைதட்டவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. அக்டோபரில் நடந்ததும் அருமையான தரையிறக்கம்தானாம். மூன்று சக்கரமும் மெத்தென்று அமர்ந்தன. “நல்லா இறங்கிட்டோம்னு காலைத் தளர்த்திட்டேன், அண்ணா. அவ்வளவுதான்.” வேகம் குறையக் குறையச் சுக்கான்மேல் படும் காற்று குறைகிறது; காற்று குறைந்தால் சுக்கானுக்கு வலு இல்லை. வாலின் அடியிலுள்ள சிறு சக்கரமும் தண்டை முழுதும் இழுத்து அழுத்தினாலன்றித் தரையைச் சரியாகப் பற்றாது. பக்கவாட்டுக் காற்று வேறு, உயர்ந்து நிற்கும் வாலைத் தள்ளி மூக்கைத் தன் திசைக்குத் திருப்பப் பார்க்கும். ஒரு மனிதன் வேகமாக ஓடுகிற அளவுக்கே அப்போது விமானம் ஓடிக்கொண்டிருந்ததாம். வானத்தில் அறுபது மைல் வேகத்தில் வந்தபோது வராத ஆபத்து அங்கே வந்தது. லிண்ட்பெர்க் 1927 மே 21 இரவு, முப்பத்து மூன்றரை மணிநேரப் பறத்தலுக்குப் பின், முன்பக்கம் முழுவதும் எரிபொருள் தொட்டி மறைத்த விமானத்தை, பக்கவாட்டுச் சன்னல் வழியே பார்த்துப் பாரிசில் இறக்கினார் என்று படித்திருக்கிறோம். அட்லாண்டிக்கைக் கடந்ததையே இதுவரை வியந்துவந்தோம். இப்போது அந்தக் கடைசி ஓட்டமும், அதில் தூக்கமற்ற இரண்டு கால்களும் நினைவில் வருகின்றன.

மூன்றாம் முறைக்கு விமானம் திரும்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. அங்கே மாலை ஏழரை. இங்கே ஞாயிறு காலை ஆறு மணி. அம்மாதான். வேறு வழியின்றிக் காமிராவை ஓடுதளத்தின் பக்கம் திருப்பினோம். காற்றுப்பை மேற்கிலிருந்து லேசாக நிமிர்ந்திருந்தது. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தியபடியே வந்தான். அந்தப் பக்கச் சக்கரம் முதலில் தொட்டது, பிறகு மற்றது, பிறகு வால்.

“இறங்கிட்டானா?” என்றார் அம்மா.

“இன்னும் இல்லம்மா, இருங்க” என்றோம், ஏககாலத்தில். விமானம் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. சுக்கான் இடமும் வலமுமாக ஓயாது அசைந்தது. ஓரிடத்தில் மூக்கு விலகப் பார்த்தது; எங்கள் கால்கள் செருப்புக்குள் தாமாக அழுந்தின. மீண்டது. கொட்டகை வரை ஊர்ந்து வந்து, விசிறி நின்று, அந்தப் பொருந்தாத மஞ்சள் இறக்கையின் கீழிருந்து தம்பி குனிந்து வெளியே வந்தபோதுதான் “இப்ப இறங்கிட்டான்” என்று சொன்னோம்.

சத்தியம் வாங்கியாயிற்றா என்று அம்மா கேட்டார். நாளைக்குப் பேசுகிறோம் என்றோம். ஊர் திரும்பும்வரை அவனிடம் கேட்கவில்லை. அம்மா இப்போதும் ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு முன்பே எழுந்து, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.