மட்டாஞ்சேரியில் கேட்ட பாட்டு

கொச்சியில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மட்டாஞ்சேரி என்றதும் சுக்கும் மிளகுமே நினைவிற்கு வரும். சரக்கு வாங்கவோ விற்கவோ அங்கே போகாதவர் நம்மில் சிலரே. யானும் இருபது ஆண்டுகளாகப் போய் வருகின்றேன். ஆயினும் அவ்வூரில் காதால் கேட்டுப் பெறத்தக்க செல்வமும் உண்டு என்பதை அண்மையிலேதான் உணர்ந்தேன். உணர்த்தியவள் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் என் மகள்.

பள்ளியில் அவளுக்கு அமெரிக்க இசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் பணி தரப்பட்டிருந்தது. பத்தாண்டுக்கு ஒரு பாட்டாகத் தேர்ந்து, இராப் பகலாக வீட்டில் ஒலிக்கவிட்டாள். எனக்கு எரிச்சலே மூண்டது. ஒருநாள் அவள் என்னை அருகே அமர்த்தி விளக்கினாள்.

1925-இல் பெஸ்ஸி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகி ஓர் இசைத்தட்டில் பாடினார். உடன் கார்னெட் ஊதியவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். அது 'ப்ளூஸ்' வகை. ஓர் அடியைப் பாடி, அதனையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் பொது அமைப்பு. அடிமைகளாய் இருந்தோரின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை அது. 1927-இல் பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தனர். 'கன்ட்ரி' எனப்படும் நாட்டுப்புற இசை அதனால் பரவியது. 1954-இல் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் கறுப்பினத்தாரின் ப்ளூஸ் பாட்டு. மறு பக்கத்தில் மலைநாட்டாரின் பாட்டு. இரண்டு ஓடைகள் ஒரு தட்டில் கலந்தன!

"இலக்கணம் படித்தால் மட்டும் இசை புரியாது, அப்பா. பழைய பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் தானே புரிந்துவிடும்," என்றாள். 1952-இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் திரட்டி வெளியிட்டதையும், அடுத்த தலைமுறை இளைஞர் பலர் அதனைக் கேட்டே பாடக் கற்றதையும் கூறினாள். பின்னர், "நம் பக்கத்தில் இப்படி யாரும் இல்லையா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறன்று அவளை மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் சென்றேன்.

எர்ணாகுளத்திலிருந்து படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, கடைத்தெரு வழியே நடந்தோம். 1555-இல் போர்ச்சுகீசியர் கட்டி, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையைக் கண்டோம். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தக்கனி உருது பேசும் முஸ்லிம்கள், தமிழர் எனப் பல மொழியினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் இது. பல மொழி வாழும் ஊரில் பல இசையும் வாழ்வதில் வியப்பென்ன?

இவ்வூர் தந்த பாடகர் மெஹபூப் (1926–1981). அவர் தக்கனி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இந்திப் பாடகர்களின் பாட்டுகளைக் காதால் கேட்டே தேர்ந்தார்; திருமண வீடுகளிலும் நண்பர் கூடும் மெஹ்ஃபில்களிலும் பாடி மக்கள் மனத்தில் இடம் பெற்றார். 1951-இல் வெளிவந்த 'ஜீவிதநௌகா' திரைப்படத்தில் அவர் பாடினார். அக்காலத்து மலையாளப் படங்கள் பெரும்பாலும் இந்தி மெட்டுகளையே இரவல் வாங்கின. மூன்றாண்டுக்குப் பின் 'நீலக்குயில்' வந்தது. இசையமைப்பாளர் கே. ராகவன் நாட்டுப்புற மெட்டுகளையும் மாப்பிள்ளைப் பாட்டின் சாயலையும் திரைக்குக் கொணர்ந்தார். அதிலும் மெஹபூப் பாடினார். ஆண்டு 1954!

"எல்விஸ் பாடிய அதே ஆண்டா!" என்று என் மகள் வியந்தாள். கடல் கடந்து அங்கே நிகழ்ந்தது போலவே, எளிய மக்களின் பாட்டு இங்கும் அரங்கேறியிருக்கின்றது.

மெஹபூபுக்குத் தபலா வாசித்த இளைஞர் ஒருவர் பின்னாளில் மும்பை சென்று, உஸ்தாத் முஜாவர் அலியிடம் இசை பயின்றார். அவரே 2018-இல் மறைந்த உம்பாயி. உருதுக்கே உரியதென எண்ணப்பட்ட கஸல் வடிவத்தை மலையாளத்தில் பாடிப் புகழ் பெற்றவர். ஓ. என். வி. குருப்பு போன்ற கவிஞர்கள் அவருக்காக எழுதினர்.

அடுத்து யூதத் தெருவை அடைந்தோம். 1568-இல் எழுந்த ஜெப ஆலயம் அங்குள்ளது. சனிக்கிழமை அவர்களது ஓய்வு நாளாதலால் அன்று பார்வையாளர்க்கு அனுமதியில்லை. செல்ல விரும்பும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க. கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் மலையாளப் பாட்டுகளைப் பாடினர். அவற்றைக் கையேடுகளில் எழுதி, தாய் மகளுக்கெனக் காத்தனர். 1948-இல் இஸ்ரேல் நாடு உருவான பின் பெரும்பாலோர் குடிபெயர்ந்தனர். கையேடுகளும் உடன் சென்றன. அவற்றை ஆராய்ந்து 2005-இல் எருசலேமில் ஒரு நூல் வெளியிட்டனர். பதிப்பாசிரியர்களுள் ஒருவர் கேரள அறிஞர் ஸ்கரியா சக்கரியா. ஊர் போயிற்று, பாட்டுப் போகவில்லை.

திரும்பும் வழியில் ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள சலவைக் கூடத்திற்குச் சென்றோம். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழியினர் அங்கே தொழில் செய்கின்றனர். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "எந்த ஊரும்மா?" என்று தமிழில் கேட்டார். என் மகள் தயங்காமல், "தாத்தா, உங்க அம்மா பாடின பாட்டு ஏதாச்சும் நினைவிருக்கா?" என்றாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு தாலாட்டின் சில அடிகளைப் பாடினார். இடையிடையே மலையாளச் சொற்கள் கலந்திருந்தன. மகள் அதனைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள்.

படகில் அமர்ந்ததும், "ஆச்சி பாடின தாலாட்டு உங்களுக்குத் தெரியுமா, அப்பா?" என்று கேட்டாள். என் அன்னை நடவுப் பாட்டும் தாலாட்டும் மணிக்கணக்காகப் பாடுவார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நினைத்து நினைத்துப் பார்த்தேன். மெட்டு வந்தது, மூன்று அடிகளுக்கு மேல் சொற்கள் வரவில்லை. அவர் இருந்தபோது ஒருநாளேனும் எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லையே! பிறர் பாட்டைக் கேட்கும் மகள் மீது சினந்தேன். என் வீட்டுப் பாட்டை இழந்தவன் யான்தான்.

அன்று இரவு அம்மூன்று அடிகளையும் அவள் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். அமெரிக்கப் பாடல்களின் பட்டியலுக்குக் கீழே அவை உள்ளன.

அன்பர்களே, உங்கள் இல்லங்களில் முதியோர் இருப்பின், இந்த வாரமே அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு பாட்டையேனும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரைப் பெயர்த்துக் கொண்டுவர நம்மால் இயலாது; பாட்டைக் கொண்டுவர ஓர் ஏடு போதும்.