கோணான்குப்பத்து வழியில் ஒரு சொல்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைக் கண்டு மகிழ்ந்தபின், உளுந்தூர்ப்பேட்டைச் சாலையிலுள்ள மங்கலம்பேட்டையில் நாம் இறங்கினோம். மழலையர் பள்ளி ஒன்றின் பலகையில் ‘கிட்ஸ்’ என்று எழுதியிருந்தது. பீங்கான் தொழிலில் பேர்பெற்ற ஜப்பானியர் இச்சொல்லைத் தம் மொழியில் எவ்வாறு பெயர்ப்பர் என்னும் எண்ணம் நமக்கு எழுந்தது.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வெள்ளாட்டுக் குட்டியையே குறித்தது. பின்னரே பேச்சுவழக்கில் பிள்ளைகளுக்கும் ஆயிற்று. நம் ‘குட்டி’யும் அவ்வாறன்றோ! ஆட்டுக்கும் குட்டி, வீட்டுச் செல்வத்திற்கும் குட்டி. இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கும். குட்டி, கன்று, பிள்ளை, மகவு, குழவி எல்லாம் அவற்றுள் அடங்கும். இத்தனை செல்வமிருக்க, பலகைக்கு ஆங்கிலம் ஏனோ?

ஜப்பானியரும் இதற்கு விலக்கல்லர். ‘கிஸ்ஸு’ என்று அச்சொல்லைக் கடன்வாங்கி விளம்பரங்களில் வழங்குகின்றனர். அவர்தம் வீட்டுச்சொல் ‘கொதொமொ’. ‘கொ’ என்பது பிள்ளை. ‘தொமொ’ பன்மை விகுதி. காலப்போக்கில் பன்மைப் பொருள் தேய்ந்து, ஒரே பிள்ளையையும் ‘கொதொமொ’ என்கின்றனர். இதன் பின்பகுதிக்கு வழங்கும் சீன எழுத்து, உடன்செல்லும் ஏவலாளையும் படையலையும் குறிப்பது. பிள்ளைகளை அவ்வாறு எழுதுவது தகாது எனப் பலர் அதனைத் தவிர்த்தனர். 2013-இல் கல்வி அமைச்சகம் தன் ஏடுகளில் அவ்வெழுத்தையே கைக்கொண்டது; 2023-இல் தொடங்கிய குழந்தைகள் நல முகமையோ தன் பெயரில் அதனை விலக்கிற்று. ஒரு பிள்ளைச் சொல்லுக்கு ஓர் அரசே இத்துணைக் கவலைகொள்வது நமக்கு வியப்பளித்தது; மகிழ்வும் அளித்தது.

சொல் தவறினால் விளைவது என்ன என்பதைப் புனித சவேரியார் அறிவார். முத்துக்குளித்துறையில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழில் செபங்களைக் கற்பித்த அவர், 1549-இல் ஜப்பான் சேர்ந்தார். அங்கே இறைவனுக்கு ‘தைனிச்சி’ என்னும் சொல்லை ஆண்டார். அது புத்தர் ஒருவரின் திருப்பெயர் எனப் பின்னர்த் தெரியவரவே, அதனை விடுத்து ‘தேயுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கலானார்.

மங்கலம்பேட்டைக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் இதன் மறுபுறத்தைக் கண்டோம். அங்குள்ள பெரியநாயகி அன்னை ஆலயம் வீரமாமுனிவர் எழுப்பியது. இத்தாலியில் 1680-இல் பிறந்த அம்முனிவர், தேம்பாவணியில் சூசையப்பரை ‘வளன்’ என்றார். எபிரேயத்தில் சூசை என்னும் பெயர் பெருகுதலைக் குறிப்பது. ஒலியை விட்டுப் பொருளைப் பற்றிய பெயர்ப்பு அது. 1732-இல் சதுரகராதியை ஆக்கியவரும் அவரே.

அன்னையின் கரத்திலிருந்த திருக்குழந்தையை உற்றுநோக்கினோம். வீட்டில் ‘குட்டி’ என்று கொஞ்சும் தாயும் இங்கே ‘குழந்தை இயேசுவே’ என்றுதான் செபிக்கிறாள். ஜப்பானியக் கத்தோலிக்கரும் இவ்விடத்தில் ‘கிஸ்ஸு’ என்பதில்லை, ‘கொதொமொ’ என்பதுமில்லை. அவர்கள் சொல்வது ‘ஒசனகொ’. இளம்பிள்ளை என்பது பொருள்.