சாம்பல் கற்பித்த பாடம்

கல்லூரியை விட்டு மலைநாடு சென்று, ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் உதவி டீமேக்கராக நாம் அமர்ந்த காலம் அது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றத்தின்பின் தேயிலைத் தொழிற்சாலைகள் பல மீண்டும் விறகை நாடியிருந்தன.

உலர்த்தும் யந்திரத்துட் புகும் காற்று ஏறக்குறைய 200 பாகை பாரன்ஹைட் வெப்பத்தில் நிற்றல் வேண்டும். தாழ்ந்தால் தேயிலை உலராது புழுங்கிச் சுவை கெடும். ஓரிரவு வெப்பம் தாழ்ந்தது. அடுப்புக் காத்த முதியவர் உறங்கிவிட்டார் என்றெழுதி, அவருக்கு 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம் மாத்திரம், பதிவித்தோம். அவர் வாதாடவில்லை. "ஐயா, ஒருமுறை குனிந்து பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். விறகோடு வந்த மண், சாம்பலுடன் உருகிக் கட்டியாகி, இரும்புச் சட்டங்களின் இடைவெளிகளை அடைத்திருந்தது. கீழிருந்து காற்றேற வழியில்லை. குழி நிறைந்த தணலின் வெம்மையாற் சட்டங்களும் வளைந்திருந்தன. "சட்டம் மேலே அகன்று கீழே ஒடுங்கியிருந்தால், விழுவது இடையிற் சிக்காது" என்றார் முதியவர். அவ்வாறே வார்ப்பித்து இட்டோம். குழியையும் வேளைதோறும் வாருவித்தோம். சாம்பல் தானே உதிர்ந்தது. தீ சீராக எரிந்தது.

அவரது சம்பளம் மீண்டது. நாம் எழுதிய சொல் மீளவில்லை. தீக்குக் காற்று வேண்டுமென ஆய்வுகூடத்திற் கற்றிருந்தும், அடுப்பைப் பாராது ஆளைக் குற்றஞ்சாட்டினோம். மாணவத் தம்பியரே, எழுதுமுன் குனிந்து பாருங்கள்.